படைமாட்சி முதல்ல, படைச்செருக்கு அப்புறம்

(நமது தகவல் தொழில்நுட்ப அணியின் ஞாயிறு இணையவழிக் கூட்டத்தில் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். நேரலையில் கேட்க முடியாதவர்களுக்காக முழுமையாகப் பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க, படிச்சிட்டு பகிருங்க.)



இணைப்புல இருக்கிற அண்ணன்கள், அக்காக்கள், தம்பி தங்கைகள் எல்லாரும் ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தை ஒதுக்கி வந்திருக்கீங்க. நன்றி. எனக்குக் குடுத்த தலைப்பு "அமைதிக்காலக் கொள்கையும் போர்க்காலத் தயார்நிலையும்". கேட்கும்போதே போட்டித் தேர்வு வினாத்தாள் மாதிரி இருக்கு. நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன். முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

2025 மே மாசம். ஆபரேஷன் சிந்தூர் நடந்துக்கிட்டிருந்த ஒரு ராத்திரி. நாம யாருமே தூங்கல. போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. வானத்துல வரிசையா நெருப்புக்கோடு, எதிரி விமானம் வெடிச்சு விழுது. "நம்ம பையன்கள் கலக்குறாங்க"ன்னு எழுதி ஏழெட்டு குரூப்ல தள்ளி விட்டுட்டேன். பத்து நிமிஷத்துல ஒன்பதாவது படிக்கிற என் சித்தி பையன் மெசேஜ் போட்டான்: "அண்ணா, இது ஆர்மா 3. கேம். நானே விளையாடியிருக்கேன்."

அழிச்சிட்டேன். ஆனா அதுக்குள்ள எங்க பெரியப்பா பார்த்துட்டார். அவர் ராணுவத்துல ஹவில்தாரா இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலையில போன் பண்ணார். திட்டல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வீடியோ போட்டது இருக்கட்டும் தம்பி. சண்டை நீண்டா நம்மகிட்ட எத்தனை நாளைக்கு குண்டு இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அன்னைக்கு எனக்கு பதில் தெரியல. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனதுதான் இன்னைக்கு நான் பேசப்போறது.

நான் படிச்சது இன்ஜினியரிங். முதல்ல வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில தினமும் ராத்திரி 2 மணிக்கு சர்வர் பேக்கப் ஓடும். காலையில "வெற்றிகரமாக முடிந்தது"ன்னு மெயில் வரும். எல்லாரும் நிம்மதியா டீ குடிக்கப் போவோம். ஒன்றரை வருஷம் கழிச்சு ஒருநாள் சர்வர் படுத்துடுச்சு. பேக்கப்பை எடுத்து போடலாம்னு திறந்தா, பாதிக்கு மேல காலி ஃபைல். ஒன்றரை வருஷமா யாருமே ஒருதடவைகூட அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கல. மெயில் வந்துச்சு, அதை நம்பினோம், அவ்வளவுதான்.

ராணுவமும் இந்த விஷயத்துல அப்படித்தான். அமைதிக்காலத்துல அது தயாரா இருக்கா இல்லையான்னு வெளியில இருந்து பார்த்தா தெரியாது. குடியரசு தின அணிவகுப்பு ரெண்டு நிலைமையிலயும் அதே அழகோடதான் இருக்கும். வித்தியாசம் தெரியுறது போர் வர்ற அன்னைக்கு. அன்னைக்குத் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல.

இதுக்கு நம்ம நாட்டோட பெரிய பாடம் 1962. "சீனா முதுகுல குத்திட்டான்"னு ஒரு வரியில முடிச்சிடுவோம். ஆனா அந்தப் போர் தோத்தது 1962 அக்டோபர்ல இல்ல. அதுக்கு முன்னாடி இருந்த நாலஞ்சு வருஷ அமைதியில. எப்படின்னு சொல்றேன்.

நாலாவது காலாட்படை டிவிஷன்னு ஒன்னு இருக்கு. சிவப்புக் கழுகு அவங்க சின்னம். ரெண்டாம் உலகப்போர்ல எரித்ரியாவுல கேரன் மலையில, வட ஆப்பிரிக்கா பாலைவனத்துல, இத்தாலியில மாண்டே காசினோவுல சண்டை போட்டு உலகம் முழுக்க பேர் வாங்கின டிவிஷன். சுதந்திரத்துக்கு அப்புறம் பஞ்சாப் சமவெளியில, அம்பாலாவுல இருந்தாங்க. அங்க இருக்கும்போது வீரர்களுக்கு குடியிருப்பு பத்தல. சரி, வீடு கட்டணும். யார் கட்டினாங்க தெரியுமா? அதே வீரர்கள். "அமர்"னு அந்தத் திட்டத்துக்குப் பேர். அப்போ டிவிஷன் தளபதி பி.எம். கவுல். திட்டம் வேகமா முடிஞ்சுது, டெல்லியில நல்ல பேர். வீரர்களுக்கு வீடு தேவைதான், அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. ஆனா பயிற்சி பண்ண வேண்டிய மாசங்கள்ல செங்கல் சுமந்தா, அந்த மாசங்கள் திரும்ப வராது.

1959 ஆகஸ்ட்ல லோங்ஜூவுல மோதல். அதே வருஷம் அக்டோபர் 21 லடாக்ல கோங்கா கணவாய் பக்கத்துல நம்ம காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. இன்னைக்கும் அக்டோபர் 21-ஐ காவலர் வீரவணக்க நாளா அனுசரிக்கிறோமே, அது அந்த நாள்தான். அதுக்கப்புறம் அவசர அவசரமா அந்த நாலாவது டிவிஷனை அம்பாலாவுல இருந்து தூக்கி, இன்னைக்கு அருணாச்சலப் பிரதேசமா இருக்கிற அந்த எல்லைக்கு அனுப்பினாங்க. சமவெளியில டாங்கியோட சேர்ந்து சண்டை போடப் பழகினவங்க. மலையில சண்டை போட தனிப் பயிற்சி, தனி உடை, தனி துப்பாக்கி, மூச்சு பழக கொஞ்ச காலம் எல்லாம் வேணும். எதுவும் குடுக்கல. பேரு மட்டும் அதே சிவப்புக் கழுகு.

இப்போ ஒரு நியாயமான கேள்வி வரும். "அன்னைக்கு நாடு ஏழை நாடு தம்பி. பள்ளிக்கூடம் கட்டுறதா, அணை கட்டுறதா, துப்பாக்கி வாங்குறதா?" உண்மைதான். 1962-க்கு முன்னாடி நாட்டு வருமானத்துல சுமார் 2 சதவீதம்தான் பாதுகாப்புக்குப் போச்சு. பசியில இருந்த நாட்டுல அதை நான் குத்தமா பார்க்க மாட்டேன். குத்தம் வேற இடத்துல இருக்கு.

1961 நவம்பர்ல ஒரு முடிவு எடுத்தாங்க. "முன்னேறும் கொள்கை"ன்னு அதுக்குப் பேர். சீனா உரிமை கொண்டாடுற இடங்கள்ல நம்ம சின்னச் சின்ன காவல் நிலைகளை வைக்கிறது. சீனா பெருசா திருப்பி அடிக்காதுங்கிற நம்பிக்கையில போட்ட கொள்கை. உளவுத்துறையும் அந்த நம்பிக்கையைத்தான் குடுத்துச்சு. ரோடு இல்ல, சப்ளை இல்ல, பின்னாடி துணைக்குப் படை இல்ல. கையில காசில்லாம பெரிய கல்யாண மண்டபமா பார்த்து பேசி முடிக்கிற மாதிரி. செலவைக் குறைக்கிறதுன்னா கொள்கையையும் அடக்கமா வச்சிருக்கணும். கொள்கை பெருசுன்னா செலவு பண்ணி படையைத் தயார் பண்ணியிருக்கணும். ரெண்டுல ஒன்னு. நம்ம ஆளுங்க செலவையும் பண்ணல, கொள்கையையும் அடக்கல. நடுவுல மாட்டினவன் சிப்பாய்.

இதை யாரும் சொல்லலையா? சொன்னாங்க. இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம்.

1960 மார்ச்ல கிழக்குப் பிராந்தியத் தளபதி எஸ்.பி.பி. தோரட் "லால் கிலா"ன்னு ஒரு பயிற்சி நடத்தினார். சீனா எப்படி வரும், நம்மகிட்ட என்ன இருக்கு, என்ன இல்லன்னு காகிதத்துல போட்டுக் காட்டினார். பேக்கப்பைத் திருப்பிப் போட்டுப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். ரிசல்ட் மோசம்னு வந்துச்சு. அதை மேல இருந்தவங்க எடுத்துக்கல. 1961-ல தளபதி திம்மையா ஓய்வு பெறும்போது தோரட் தலைமைத் தளபதி ஆகல. 1962 ஆகஸ்ட்ல மேற்குப் பிராந்தியத் தளபதி தௌலத் சிங் எழுதினார், இந்தக் கொள்கையைத் தாங்குற அளவுக்கு நம்மகிட்ட படைபலம் இல்லைன்னு. அதுவும் எடுபடல.

அந்தத் திம்மையா 1959-லயே பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோட ஒத்துப்போகாம ராஜினாமா கடிதம் குடுத்து, பிரதமர் நேரு கேட்டுக்கிட்டதால திரும்ப வாங்கிக்கிட்டார். பதவி உயர்வுல அரசியல் நுழையுதுங்கிறதுதான் அன்னைக்கு ராணுவத்துக்குள்ள இருந்த முணுமுணுப்பு. இதுல நாம கத்துக்க வேண்டியது ஒன்னு. அமைதிக்காலத்துல யாருக்குப் பதவி உயர்வு குடுக்குறோமோ, அவங்கதான் போர்க்காலத்துல முடிவெடுப்பாங்க. "ஆகட்டும் ஐயா"ன்னு சொல்றவனுக்கு உயர்வு, "முடியாது ஐயா, காரணம் இது"ன்னு சொல்றவனுக்கு வீட்டுக்கு வழின்னு ஆயிட்டா, கடைசியில மேல உண்மை போய்ச் சேராது. "வெற்றிகரமாக முடிந்தது"ங்கிற மெயில் மட்டும்தான் போகும்.

1962 அக்டோபர் ஆரம்பத்துல புதுசா நாலாவது கோர்னு ஒன்னு உருவாக்கி, அதுக்குத் தலைவரா அதே கவுலைப் போட்டாங்க. போர்க்களத்துல படை நடத்தின அனுபவம் அவருக்குக் கிடையாது. அக்டோபர் 12 இலங்கைப் பயணத்துக்குக் கிளம்பும்போது பிரதமர் நிருபர்கள்கிட்ட, நம்ம இடத்தை மீட்கச் சொல்லி ராணுவத்துக்கு உத்தரவு குடுத்தாச்சுன்னு சொல்லிட்டார். மறுநாள் பத்திரிகையில எல்லாம் பெரிய எழுத்து. நாடு முழுக்க உற்சாகம். நாம அன்னைக்கு இருந்திருந்தா நாமளும் போஸ்டர் கார்டு போட்டிருப்போம்.

அந்த நேரத்துல நாம்கா சூ ஆத்துப் பள்ளத்தாக்குல ஏழாவது பிரிகேட் எப்படி இருந்துச்சு? அதோட தளபதி பிரிகேடியர் ஜான் தால்வி பின்னாடி 1969-ல அதை ஒரு புத்தகமாவே எழுதினார். எதிரி மேல தாக்லா மலைமுகட்டுல. நம்ம ஆளுங்க கீழ ஆத்தங்கரையில. பருத்தித் துணி சீருடை. ஆளுக்கு 50 ரவுண்டு குண்டு. கையில பழைய .303 துப்பாக்கி, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடணும். எதிர்ல இருந்தவங்ககிட்ட தானா நிரம்புற துப்பாக்கி. விமானத்துல இருந்து போட்ட சாமான்ல நிறைய பள்ளத்தாக்குல விழுந்து காணாமப் போச்சு. பதுங்குகுழிக்கு மரம் வெட்ட ஒழுங்கான கோடாலிகூட போதுமான அளவு இல்ல.

அக்டோபர் 20 விடியக்காலையில தாக்குதல். சில மணி நேரத்துல பிரிகேட் சிதறிடுச்சு. 22-ம் தேதி தால்வியே சிறைபிடிக்கப்பட்டார். நவம்பர்ல சேலா, பொம்டிலா எல்லாம் விழுந்துச்சு. காசினோ மலையில நின்ன டிவிஷன், சொந்த மண்ணுல நிக்க முடியாம கலைஞ்சுது. அதே நவம்பர் 18-ல லடாக்ல ரேசாங் லாவுல மேஜர் சைத்தான் சிங்கும் அவர் கம்பெனியும் கிட்டத்தட்ட கடைசி ஆள் வரைக்கும் நின்னு செத்தாங்க. ஆகவே வீரத்துல குறையே இல்ல. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. வீரம் சிப்பாயோட பொறுப்பு, அவன் குடுத்துட்டான். தயார்நிலை அரசாங்கத்தோட பொறுப்பு. அது வரல.

அரசுக் கணக்குப்படி 1,383 பேர் உயிரிழப்பு. 1,696 பேர் காணவில்லை. 3,968 பேர் சிறைபிடிப்பு. காணாமப் போன 1,696-ங்கிறது வெறும் எண் இல்லைங்க. அத்தனை வீட்டுல பொணத்தைக்கூட பார்க்கல.

சரி, இதுல நல்ல செய்தி ஒன்னு இருக்கு. கொள்கை கெடுத்ததை கொள்கையாலயே சரி பண்ண முடியும்னு அடுத்த அஞ்சு வருஷம் காட்டுச்சு. புது பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவான். மலைப்போருக்குன்னே 10 டிவிஷன் திட்டம். பழைய .303-க்குப் பதிலா தானா நிரம்புற துப்பாக்கி. அதிகாரிகள் பத்தலன்னு 1963-ல புதுசா பயிற்சிப் பள்ளிகள் தொடங்கினாங்க. அதுல ஒன்னு நம்ம சென்னை பரங்கிமலையில இருக்கிற அதிகாரிகள் பயிற்சி மையம். ஏர்போர்ட் போற வழியில அந்த மதில் சுவரைப் பார்த்திருப்பீங்க. 1962 தோல்விதான் அது பிறக்கக் காரணம்னு எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. 1967 செப்டம்பர்ல நாதூ லா கணவாயில அதே சீனப்படையோட மோதல். நம்ம படை ஒரு அடி நகரல. அஞ்சே வருஷம். அதே நாடு, அதே மண்ணு, அதே பசங்க. நடுவுல மாறினது அமைதிக்காலத்துல எடுத்த முடிவுகள் மட்டும்தான்.

1986-ல திரும்பவும் அதே பகுதிக்குப் பக்கத்துல, சும்தொரோங் சூவுல, சீனா வந்து உட்கார்ந்துச்சு. அப்போ தலைமைத் தளபதி நம்ம செங்கல்பட்டுல பிறந்த சுந்தர்ஜி. ஹெலிகாப்டர்ல படையைத் தூக்கிக் கொண்டுபோய் இந்தத் தடவை மேட்டுல உட்கார வச்சார். ஆத்தங்கரையில இல்ல. போர் வரல. தயாரா இருந்ததால வரல. தயார்நிலையோட பெரிய வெற்றி நடக்காத போர்தான். அதுக்கு யாரும் வெற்றி விழா எடுக்க மாட்டாங்க, வீடியோவும் இருக்காது.

அடுத்தது போஃபர்ஸ். ஊழல் புகார்னு நமக்குத் தெரியும். அதோட இன்னொரு பக்கம் பாருங்க. 1986-ல அமைதிக்காலத்துல வாங்கின அந்தப் பீரங்கிதான் 13 வருஷம் கழிச்சு 1999 கார்கில்ல மலை உச்சியில இருந்த பதுங்குகுழிகளை உடைச்சுது. அதே நேரம், அந்தப் புகாருக்கு அப்புறம் பீரங்கி வாங்குற ஃபைலைத் தொடவே எல்லாரும் பயந்தாங்க. அடுத்த புது பெரிய பீரங்கி ராணுவத்துக்கு வர கிட்டத்தட்ட 30 வருஷம் ஆச்சு. ஊழல் பண்ணினா படை பலவீனமாகும். ஊழலுக்குப் பயந்து முடிவே எடுக்காம இருந்தாலும் படை பலவீனமாகும். தப்பு செஞ்சவனைத் தண்டிக்கணும், அதுக்காக வேலையை நிறுத்தக்கூடாது.

கார்கில்ல நம்ம திருச்சி மேஜர் சரவணன் படாலிக் பகுதியில உயிர்விட்டார். அவர் உடலை மீட்கவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பனிக்காலத்துல காலி பண்ணி, கோடையில திரும்பப் போற நிலைகள்ல எதிரி வந்து உட்கார்ந்தது நமக்குத் தாமதமாத்தான் தெரிஞ்சுது. போருக்கு அப்புறம் அதே திருச்சியில பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில ஆய்வுக் குழு. அறிக்கை சில மாசத்துல வந்துச்சு, பாதுகாப்பு ரகசியம் தவிர மத்ததை வெளியிட்டாங்க. நல்ல முன்னுதாரணம். ஆனா 1962 தோல்வியை ஆராய்ஞ்ச ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை 1963-ல குடுத்தது. இத்தனை ஆட்சி மாறியும் எந்த அரசும் அதை முறைப்படி வெளியிடல. தோல்வியைப் படிக்கவே விடாம எப்படிங்க பாடம் கத்துக்கிறது?

இப்போ பெரியப்பா கேள்விக்கு வர்றேன்.

கடுமையான போருக்கு 40 நாள் குண்டு கையிருப்பு வேணும்ங்கிறது கணக்கு. 2017-ல நாடாளுமன்றத்துல வச்ச சி.ஏ.ஜி. அறிக்கை என்ன சொல்லுச்சு? 2016 செப்டம்பர் நிலவரப்படி 152 வகை வெடிபொருள்ல 61 வகை 10 நாளைக்குக்கூட போதாது. அதுக்கப்புறம் அவசரக் கொள்முதல் அதிகாரம் குடுத்தாங்க, நிலைமையைச் சரி பண்ண வேலை நடந்துச்சு. ஆனா 2013 நிலவரத்தை வச்சு 2015-ல வந்த முந்தைய அறிக்கையும் இதே பிரச்சனையைத்தான் சொல்லியிருந்துச்சு. நடுவுல ஆட்சியே மாறிடுச்சு. ஆகவே இதை ஒரு கட்சி மேல மட்டும் தூக்கிப் போட முடியாது.

இன்னொன்னு. 2020 பிப்ரவரியில இன்னொரு சி.ஏ.ஜி. அறிக்கை. சியாச்சின், லடாக் மாதிரி உயரமான இடங்கள்ல இருக்கிற வீரர்களுக்குப் பனிக்கண்ணாடி, பூட்ஸ், குளிர் உடை இதுல பெரிய தட்டுப்பாடுன்னு. அறிக்கை வந்து நாலு மாசத்துல, ஜூன் 15 கல்வான். 20 பேர் உயிர்த்தியாகம். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அதுல ஒருத்தர். அந்தக் குளிர்காலத்துக்கு ஆயிரக்கணக்கான வீரர்களை மேல நிறுத்த வேண்டி வந்தப்போ, குளிர் உடையை அமெரிக்காவுல இருந்து அவசரமா வாங்கினோம். 1962-ல பருத்தித் துணி. 58 வருஷம் கழிச்சு அவசர ஆர்டர். அந்த அறிக்கை பொதுவெளியிலதான் இருந்துச்சு. அது வந்தப்போ நாம என்ன ட்ரெண்ட் பண்ணிக்கிட்டிருந்தோம்னு எனக்கு ஞாபகமே இல்ல.

விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டது 42 ஸ்குவாட்ரன். 2025 செப்டம்பர்ல மிக்-21 ஓய்வு பெற்றப்போ மிச்சம் 29. நம்ம தேஜஸ் திட்டத்துக்கு 1983-ல ஒப்புதல், 2001-ல முதல் பறப்பு, 2016-ல முதல் ஸ்குவாட்ரன். இன்னைக்கு கோயம்புத்தூர் பக்கத்துல சூலூர்ல இருந்து அது பறக்கும்போது எனக்கும் பெருமைதான். ஆனா 33 வருஷம். இந்த 33 வருஷமும் அமைதிக்காலம் எடுத்துக்கிட்ட நேரம்.

அடுத்து நம்ம வீட்டுப் பசங்க விஷயம், அக்னிபாத். வேலூர் மாவட்டத்துல கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு வீடு ராணுவம். அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன் என்கூட படிச்சான். காலேஜ் சேரல. தினமும் காலையில 4 மணிக்கு கிரவுண்டுல ஓடுவான். 2020-ல கொரோனா, ஆள் எடுக்குற முகாமே ரெண்டு வருஷம் நடக்கல. அவன் ஓடிக்கிட்டே இருந்தான், வயசும் ஓடிடுச்சு. 2022 ஜூன் 14 அக்னிபாத் அறிவிப்பு. நாலு வருஷ சேவை, அதுல 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் நிரந்தரம், மத்தவங்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. இப்போ அவன் டெலிவரி வேலை பார்க்கிறான்.

நான் ஒருதலையா பேச மாட்டேன். அரசு சொல்ற காரணத்தையும் சொல்லணும். படையோட சராசரி வயசு 32-ல இருந்து 26 ஆகும்கிறாங்க. இளம் படை வேணும்னு கார்கில் ஆய்வுக் குழுவே சொல்லியிருக்கு. 2025-26 பாதுகாப்பு பட்ஜெட் சுமார் 6.81 லட்சம் கோடி. அதுல ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.6 லட்சம் கோடி. புது ஆயுதம், விமானம், கப்பல்னு மூலதனச் செலவுக்கு 1.8 லட்சம் கோடி. இந்தக் கணக்கு நிஜமான நெருக்கடி, மறைக்க முடியாது.

ஆனா என் கேள்வி இது. மலையில ராத்திரி நேரத்துல பக்கத்துல இருக்கிறவனை நம்பிப் போற நம்பிக்கை எத்தனை வருஷத்துல வரும்? ஒரு ரேடார், ஒரு ஏவுகணை, ஒரு டாங்கி இன்ஜின், இதைக் கையாள்ற திறமை எத்தனை வருஷத்துல வரும்? நாலாவது வருஷம் "நான் அந்த 25-ல இருப்பேனா"ங்கிற கவலையோட இருக்கிறவன், பக்கத்துல இருக்கிறவனுக்குக் கத்துக் குடுப்பானா, அவனோட போட்டி போடுவானா? பதில் "நல்லா இருக்கு"ன்னாலும் இருக்கலாம், "மாத்தணும்"னாலும் இருக்கலாம். திருப்பிப் போட்டுப் பார்த்துத்தான் தெரியும். முதல் அணியோட அனுபவத்தை ஆராய்ஞ்சு, நாடாளுமன்றத்துல அறிக்கையா வைங்கன்னு கேட்கிறோம். ஓய்வூதியம் மிச்சமாச்சுங்கிற கணக்கு மட்டும் போதாது. போர்த்திறன் என்னாச்சுங்கிற கணக்கும் வேணும்.

"ராணுவத்தைக் கேள்வி கேட்கிறியா, நீ தேசபக்தனா"ன்னு கமெண்ட்ல வருவாங்க. வரட்டும். பொறுமையா ஒரு பதில் சொல்லுங்க. நாம சிப்பாயைக் கேட்கல. சிப்பாய்க்காகக் கேட்கிறோம். தோரட் கேட்டார், தௌலத் சிங் கேட்டார். அவங்களைவிட பெரிய தேசபக்தன் யாரு?

திருக்குறள்ல படைக்குன்னே ரெண்டு அதிகாரம் அடுத்தடுத்து இருக்கு. 77-வது படைமாட்சி. 78-வது படைச்செருக்கு. மாட்சி முதல்ல, செருக்கு அப்புறம். படை ஒழுங்கா இருக்கணும், அதுக்கப்புறம் பெருமை பேசணும். நாம இணையத்துல 78-ல இருந்து நேரா ஆரம்பிக்கிறோம். நானும்தான்.

அதனால நம்ம அணிக்கு நான் வைக்கிற வேண்டுகோள் நாலு.

ஒன்னு: போர் நேரத்துல எந்த வீடியோவும் சரிபார்க்காம பகிராதீங்க. பொய் வீடியோ எதிரிக்கு நஷ்டம் இல்ல, நம்ம ஆளுங்களோட நிஜமான தியாகத்துக்குத்தான் அவமானம்.

ரெண்டு: ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டுக்கு அப்புறம் பாதுகாப்புத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை வரும். சி.ஏ.ஜி. அறிக்கையும் வரும். ரெண்டும் இலவசம், இணையத்துல இருக்கு. நாம பத்து பேர் பிரிச்சுப் படிச்சு, எளிய தமிழ்ல கார்டு போடுவோம். டெம்ப்ளேட் நான் பண்ணித் தர்றேன்.

மூணு: உங்க தொகுதி எம்.பி. எந்தக் கட்சியா இருந்தாலும் மூணே கேள்வி கேளுங்க. குண்டு கையிருப்பு இலக்கை எட்டியாச்சா? மலையில இருக்கிறவனுக்குக் குளிர் உடை இந்த வருஷம் நேரத்துக்குப் போச்சா? அக்னிபாத் மதிப்பீட்டு அறிக்கை எப்போ? எண்ணிக்கை ரகசியம்னா, ரகசியக் கூட்டத்துல குழு உறுப்பினர்களுக்காவது சொல்லட்டும்.

நாலு: உங்க ஒன்றியத்துல இருக்கிற முன்னாள் ராணுவத்தினர் வீட்டுக்கும், அக்னிவீரர் வீட்டுக்கும் ஒருதடவை போங்க. போட்டோ வேண்டாம். உட்கார்ந்து கேளுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது எந்த அறிக்கையிலயும் இல்ல.

இந்தப் பேச்சுக்குக் குறிப்பு எடுத்துட்டு போன வாரம் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். "152-ல 61 வகை, 10 நாளைக்குப் போதாதுன்னு 2016 கணக்கு சொல்லுது பெரியப்பா"ன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார்: "இப்போ எவ்வளவு?"

அதை நாம தொடர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கணும். போர் இல்லாத நாள்ல, யாரும் கவனிக்காத நாள்ல கேட்கணும்.



#படைமாட்சி_முதலில் #கேள்வி_கேட்போம்